மீசைக்காரரின் அக்கா

சலூன் வைத்திருப்பவன் முகத்தில் எது இருந்தாலும் அது கடைக்கு விளம்பரம்தான். தாடி பரட்டையாக இருந்தால் வந்த ஆள் வாசலிலேயே யோசிப்பார், தலை சரியில்லை என்றால் பக்கத்துக் கடைக்கு நடையைக் கட்டிவிடுவார். இந்த விஷயத்தில் நம்மவர் கொடுத்து வைத்தவர். மூக்குக்குக் கீழே கிளம்பி, இரண்டு கன்னங்களிலும் ஏறி, நுனியில் ஒரு சுழி சுழித்து நிற்கும் மீசை அவருக்கு. பெயர்ப்பலகையில் என்னவோ எழுதியிருந்தது. அதை யாரும் படித்ததில்லை. அந்த வட்டாரத்துக்கே அது மீசைக்காரர் கடை.

அந்த மீசை அவருடைய சொந்தக் கற்பனை இல்லை, அப்பாவிடமிருந்து எடுத்தது. கடையின் பெரிய கண்ணாடிக்கு மேலே அப்பாவின் படம் இருந்தது. லாரிக் கதவில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நிற்கிறார், அதே மீசையோடு. காலையில் கடையைத் திறந்ததும் மீசைக்காரர் முதலில் அந்தப் படத்தைத் துடைப்பார், அப்புறம்தான் கண்ணாடியை. முடிவெட்ட வந்து உட்கார்ந்தவர் யாராக இருந்தாலும், வாய்க்கு வேலை வேண்டுமே என்று, "எங்கப்பா மாதிரி ஒரு மனுஷனைப் பார்க்க முடியாது" என்று ஆரம்பிப்பார். கழுத்தில் துணி கட்டிவிட்டபின் யாரால் எழுந்து போக முடியும்? கேட்டுத்தான் ஆகவேண்டும்.

இத்தனைக்கும் அப்பா சாலை விபத்தில் போனபோது அவருக்கு விவரம் தெரியாத வயது. அப்பா தோளில் உட்கார்ந்து தெருமுனை வரை போனது, லாரி ஹாரனை அழுத்திப் பார்த்தது, மீசையைப் பிடித்து இழுத்தது, இவ்வளவுதான் கையிருப்பு. மீதியை அவராகச் சேர்த்துக்கொண்டார். அப்பா இல்லாத பிள்ளைகள் அப்பாவை எத்தனை பெரியவராக வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம், தடுக்க ஆளிருக்காது.

தடுத்திருக்கக்கூடியவள் ஒருத்தி இருந்தாள். அவள் அத்தனை வருஷமும் வாயைத் திறக்கவில்லை.

அவள்தான் அக்கா. தம்பி பிறந்த கொஞ்ச நாளில் அம்மா கண்ணை மூடிவிட, கைக்குழந்தை இவள் இடுப்புக்கு வந்தது. இவளே அப்போது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த சிறுமி. அப்பாவும் போனபின் ஒரு மருத்துவமனையின் சலவைக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஆவி பறக்கும் கூடத்தில் நாள் முழுக்க வெள்ளை விரிப்புகளை உதறி, இழுத்து, மடித்து அடுக்குகிற வேலை. ஓய்வு பெறுகிற வரை அதே வேலைதான். கல்யாணப் பேச்சு வந்தபோதெல்லாம் "இவனை யாரு பாத்துக்குவா?" என்று தட்டிக் கழித்தாள். இவன் வளர்ந்து, மீசை வைத்து, கடை வைத்த பின்னும் அதையே சொன்னாள். கடையின் முதல் நாற்காலி அவள் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி வாங்கிக் கொடுத்தது.

அவளுடைய இடது காது மடல் கீழே கிழிந்து இரண்டாகத் தொங்கும். கம்மலை அதற்கு மேலே வேறு துளை போட்டு மாட்டியிருந்தாள். யாராவது கேட்டால் தம்பியைக் கைகாட்டுவாள். "எல்லாம் இந்தத் துரை பண்ணின வேலை. கைக்குழந்தையா இருக்கப்ப கம்மலைப் பிடிச்சு ஒரே இழுப்பு." மீசைக்காரர் அசடு வழிவார். அவருக்குக் கல்யாணமான புதிதில் மனைவிகூட அதைச் சொல்லிச் சொல்லியே அவரைக் கிண்டல் செய்தாள். அந்த மனைவி சில வருஷங்கள் குடித்தனம் நடத்திவிட்டு, பிள்ளை குட்டி இல்லாமலே நோயில் போய்ச் சேர்ந்தாள். மறுபடியும் அக்கா, தம்பி என்று இரண்டே பேர். இரண்டு அறை, ஒரு சமையல்கட்டு, தெருவைப் பார்த்த ஒரு ஜன்னல்.

அக்காவுக்கு மறதி வந்தது யாருக்கும் தெரியாமல்தான். சீப்பு குளிர்சாதனப் பெட்டியில் கிடந்தது. பால் அடுப்பில் கருகியது. மீசைக்காரர் சிரித்துக்கொண்டே கடையில் சொன்னார், "எங்கக்கா இப்ப சீப்பையெல்லாம் கெட்டுப்போகாம பத்திரப்படுத்துறா" என்று. அப்புறம் ஒருநாள் காய்கறி வாங்கப் போனவள் வீட்டுக்கு வழி தெரியாமல், பழைய மருத்துவமனை வாசலில் போய் நின்றுகொண்டு "ஷிஃப்டுக்கு நேரமாச்சு, கதவைத் திறங்க" என்று காவலாளியிடம் சண்டை போட்டாள். அன்றைக்கு அவர் சிரிக்கவில்லை. கடையை அப்படியே போட்டுவிட்டு ஓடினார்.

டாக்டரம்மா நோய்க்கு ஒரு பெயர் சொன்னாள், மாத்திரை எழுதினாள், "இது குறையாது, கூடாம பாத்துக்கலாம்" என்றாள். பகலில் அவர் கடையில் இருக்கும்போது மாடிவீட்டுக்காரம்மா வந்து துணைக்கு உட்கார்ந்தாள். கடைத் துண்டுகளைத் துவைத்து மூட்டையாகக் கட்டி வீட்டுக்குக் கொண்டு வந்தார் மீசைக்காரர். அக்கா அவற்றை உதறி மடித்து அடுக்குவாள். ஓரம் ஓரத்தோடு பொருந்தும், ஒரு சுருக்கம் இருக்காது. அடுக்கி முடித்ததும் அவர் கலைத்துவிட்டு மறுபடி முன்னால் வைப்பார். இது பாவமா புண்ணியமா என்று அவருக்கே தெரியவில்லை. ஆனால் துண்டு மடிக்கும் நேரத்தில் அக்காவின் முகம் தெளிந்திருந்தது. அதற்காக அவர் எந்தப் பாவத்தையும் செய்யத் தயாராக இருந்தார்.

அக்காவைக் குளிப்பாட்ட, ஊட்ட, பின்னாலேயே அலைய என்று பொழுது ஓடியதில் அவருக்குத் தன் முகத்தைப் பார்க்க நேரமில்லை. வாரம் தவறாமல் மை பூசி வந்த மீசை, விட்டதும் வெள்ளை வெளேரென்று ஆகிவிட்டது. ஒரு காலையில் கஞ்சிக் கிண்ணத்தோடு போனவரை அக்கா ஏற இறங்கப் பார்த்தாள்.

"யாரு பெரியவரே? யாரைப் பாக்கணும்?"

"அக்கா, நான்தான். தம்பி."

அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "நல்லா இருக்கே. உங்க வயசுக்கு நீங்க எனக்குத் தம்பியா?"

அவருக்குச் சுருக்கென்றது. டாக்டரம்மா எச்சரித்திருந்தாள்தான், இருந்தாலும் தன்னை மறக்கமாட்டாள் என்று உள்ளுக்குள் ஒரு தைரியம் வைத்திருந்தார். அன்று கடையில் கண்ணாடி முன்னால் வெகுநேரம் நின்றார். நின்றவருக்குச் சலூன்காரனின் யோசனைதான் தோன்றும், வேறென்ன தோன்றும்? எத்தனையோ கிழவர்களை அந்த நாற்காலியில் உட்காரவைத்து வாலிபர்களாக எழுப்பி அனுப்பியவர். அக்கா தேடுகிற தம்பிக்கு முப்பது வயது, கன்னங்கரேல் என்று மீசை. அவ்வளவுதானே, கொண்டு வந்துவிட்டால் போச்சு.

அலமாரியிலிருந்த மையைக் குழைத்தார். மீசைக்குப் பூசி, ஊறவிட்டுக் கழுவி, எண்ணெய் தடவி முறுக்கினார். தலைக்கும் கொஞ்சம் தீட்டிக்கொண்டார். அடுத்த நாற்காலியில் வேலை செய்யும் கூட்டாளி எட்டிப் பார்த்துவிட்டு, "என்னண்ணே, பொண்ணு பாக்கப் போறீங்களா?" என்றான். "ஆமாடா, எங்கக்காவைப் பாக்கப் போறேன்" என்று கம்பீரமாக வீட்டுக்குப் போனார்.

கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனதும் அக்கா நாற்காலியிலிருந்து சட்டென்று எழுந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள்.

"வந்துட்டீங்களா? சாப்பாடு எடுத்து வைக்கட்டுமா?"

மீசைக்காரர் பூரித்துப் போனார். ஒரே பூச்சில் அடையாளம் கண்டுகொண்டாளே! "என்னக்கா, மரியாதையெல்லாம் பலமா இருக்கு" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை. தட்டை வைத்துவிட்டு இரண்டு அடி தள்ளிச் சுவரோரமாக நின்றாள். நீயும் உட்கார் என்று எவ்வளவு கூப்பிட்டும் உட்காரவில்லை. நோயாளி, இன்றைக்கு இப்படி ஒரு போக்கு என்று அவர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மறுவாரமும் மறக்காமல் மை பூசினார்.

அதற்குப் பிறகுதான் அக்கா சாப்பாட்டை நிறுத்தினாள். மாடிவீட்டுக்காரம்மா ஊட்டினால் வாயில் வாங்கி, அவள் திரும்பியதும் கையில் துப்பி எங்கேயோ ஒளித்தாள். மீசைக்காரர் ஊட்டப் போனால் பல்லைக் கடித்துக்கொண்டாள். கன்னம் ஒட்டி, கை குச்சியாயிற்று. இன்னொரு விஷயமும் புதிதாக வந்தது. அவர் வீட்டுக்கு வரும் நேரம் ஆனதும் ரேடியோவைச் சத்தமாக வைப்பாள். அவர் குறைத்தால் மறுபடி கூட்டுவாள்.

ரேடியோ விஷயத்தில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட உண்டு. அது அவர்களுடைய பழைய விளையாட்டு. சின்ன வயதில் அக்கா அவரை உள்ளறையில் விட்டு, ரேடியோவை உரக்க வைத்துக் கதவைச் சாத்துவாள். "பாட்டு முடியிற வரைக்கும் வெளிய வரக் கூடாது. வந்தா நீ தோத்துட்டே." அவர் கட்டிலில் ஏறிக் குதித்து ஆடுவார். ஒருநாளும் தோற்றதில்லை. மூளையில் எல்லாம் அழிந்தாலும் அந்த விளையாட்டு மட்டும் இருக்கிறதே என்று மாடிவீட்டுக்காரம்மாவிடம் சொல்லி மாய்ந்து போனார்.

டாக்டரம்மா அக்காவை எடை பார்த்துவிட்டு முகம் சுளித்தாள். "இப்படியே போனா படுக்கையில சேர்த்து மூக்கு வழியா குழாய் போட வேண்டியிருக்கும். குழாயைப் பிடுங்குவாங்க, கையைக் கட்டித்தான் வைக்கணும். எப்படியாவது சாப்பிட வைங்க." மீசைக்காரர் தலையை ஆட்டினார். அந்தக் கைகளைக் கட்டிலோடு கட்டுவதை அவரால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை.

மறுநாள் சாயங்காலம் உள்ளறை அலமாரியிலிருந்து நாற்றம் வந்தது. திறந்தால், மடித்து அடுக்கிய துண்டுகளுக்கு நடுவில் சோற்று உருண்டைகள், ஊறிப்போன ரொட்டி, பூசணம் பூத்த பழம். ஒரு வாரத்துச் சாப்பாடு அங்கே இருந்தது. அவருக்குப் பொறுமை போய்விட்டது. மனுஷன்தானே, அதுவும் நாள் முழுக்க நின்று வேலை செய்துவிட்டு வந்த மனுஷன். வாழ்க்கையில் முதல்முறையாக அக்காவிடம் கத்தினார்.

"எதுக்கு இப்படிப் பண்றே? யாருக்காக இதையெல்லாம் ஒளிச்சு வெச்சிருக்கே?"

 அக்கா அவர் கையைப் பிடித்து மெதுவாக முன்னறைக்குக் கொண்டு வந்தாள். திரும்பிப் போய் ரேடியோவை முழுச் சத்தத்தில் வைத்தாள். உள்ளறைக் கதவைச் சாத்தினாள். பிறகு இரண்டு காதிலிருந்தும் கம்மலைக் கழற்றினாள்.  மேஜை மேல் வைத்துவிட்டு அவர் முன்னால் வந்து நின்று, கன்னத்தைத் திருப்பிக் காட்டினாள்.

"அவனுக்காகத்தான் எடுத்து வெச்சேன். அவன் கேக்கல, நானா எடுத்தேன். ரேடியோ வெச்சுட்டேன், அவனுக்கு ஒண்ணும் கேக்காது. என்னை அடிச்சுக்குங்கப்பா. கம்மல் மட்டும் வேண்டாம், காது பிஞ்சுடுது."

 உள்ளே ரேடியோவில் யாரோ குதூகலமாகப் பாடிக்கொண்டிருந்தார்கள். மீசைக்காரர் அந்தக் காதைப் பார்த்தார். இத்தனை வருஷம் தான் கிழித்ததாகச் சொல்லி ஊரே சிரித்த காது. அந்தக் கதவுக்கு அந்தப் பக்கம் கட்டிலில் ஏறி ஆடிக்கொண்டிருந்த பையனையும் பார்த்தார்.  "அக்கா" என்று அவள் தோளைத் தொடக் கையைத் தூக்கினார். கை மேலே வருவதைக் கண்டதும் அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

தூக்கிய கையை அவர் இறக்கிவிட்டார். வெளியே வந்து படியில் உட்கார்ந்து, வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார். மாடிவீட்டுக்காரம்மா இறங்கி வந்தாள். என்ன என்று கேட்டாள். "அக்கா கூட இருங்கம்மா. நான் உள்ள போனா பயப்படுறா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் கடையைத் திறந்தார். துடைக்கும் துணியை எடுத்தவர் படத்துக்கு முன்னால் நின்றார். அம்மாவைப் பார்த்த நினைவே அவருக்கு இல்லை. அக்காவின் நினைவிலிருந்து அவர் நழுவிக்கொண்டிருக்கிறார். சொந்தம் என்று கல்லுப் போல இருந்தது இந்த அப்பா ஒருவர்தான். அவரும் நேற்றோடு போய்விட்டார், அதுவும் செத்தபோது போகாத மாதிரி. மீசைக்காரருக்கு அவர்மேல் கோபம் வந்தது. கோபத்தைவிட அதிகமாக வெட்கம் வந்தது. அப்பாவைப் பற்றி எத்தனை பேர் காதில் எவ்வளவு ஓதியிருக்கிறார்! அக்கா கடைக்கு வரும்போதெல்லாம் அந்தப் படத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து தேநீர் குடித்தாள். ஒரு வார்த்தை சொன்னாளா? தம்பிக்கு ஓர் அப்பா இருந்துவிட்டுப் போகட்டும் என்று நினைத்திருப்பாள்.

படத்தைக் கழற்றிச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்தார். நாற்காலியில் தானே உட்கார்ந்தார். கூட்டாளியைக் கூப்பிட்டு, "எடுத்துடுடா" என்றார்.

"எதைண்ணே?"

"மீசையை."

கூட்டாளி கத்தியை எடுக்க மறுத்தான். "விளையாடாதீங்க. கடை என்னாகும்?" என்றான். அவர் முகத்தைப் பார்த்தபின் நுரையைப் பூசினான். எடுத்து முடித்ததும் மேலுதட்டில் வெயில் படாத தோல் வெளிறிக் கிடந்தது. முகம் சின்னதாகிவிட்டது. அன்று வந்தவர்களெல்லாம் ஒரே கேள்விதான் கேட்டார்கள்: "என்ன பந்தயத்துல தோத்தீங்க?" கண்ணாடிக்கடைக்காரர் ஒரு படி மேலே போய், மீசைக்கு இரங்கல் கூட்டம் போட வேண்டும் என்றார். மீசைக்காரர் எல்லாருக்கும் சிரித்து வைத்தார். பந்தயத்தில் தோற்றது உண்மைதான் என்று அவருக்குத் தோன்றியது. யாரோடு போட்ட பந்தயம் என்றுதான் தெரியவில்லை.

மத்தியானமே வீட்டுக்குப் போனார்.  மீசை போய்விட்டது, இனி பயப்பட ஒன்றுமில்லை, ஒருவேளை மீசை முளைக்காத அந்தச் சின்னத் தம்பியை இந்த முகத்தில் கண்டுபிடித்தாலும் பிடிப்பாள் என்று ஓர் ஆசை. மாடிவீட்டுக்காரம்மா அவரைப் பார்த்துத் திடுக்கிட்டு, கஞ்சிக் கிண்ணத்தை மேஜை மேல் வைத்துவிட்டு ஒதுங்கினாள்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். எழுந்து நிற்கவில்லை. ரேடியோவைத் தேடவில்லை. கண்ணில் பயம் இல்லை. வேறு எதுவும் இல்லை.

"யாருங்க?"

அவர் வாய் வரை வந்த பதிலை விழுங்கினார். "பக்கத்துல கடை வெச்சிருக்கேன்."

"உக்காருங்க."

உட்கார்ந்தார். அக்கா கதவைப் பார்த்தாள், தெருவைப் பார்த்தாள், அவர் பக்கம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள்.

"உங்களைப் பாத்தா நல்லவரா தெரியுது. எனக்கு ஒரு உதவி பண்ணுவீங்களா? என் தம்பியைக் கூட்டிட்டுப் போயிடுங்க. அவர் வர்றதுக்குள்ள."

"நீங்களும் வாங்களேன்."

"நான் வரக் கூடாது. ரெண்டு பேரும் இல்லேன்னா தேடி வந்துடுவாரு. நான் இருந்தா தேட மாட்டாரு." கஞ்சியை அவர் பக்கம் தள்ளினாள். "இதை அவனுக்குக் குடுத்துடுங்க. சின்னப் பையன், ரொம்பச் சாப்பிட மாட்டான். தொந்தரவு பண்ண மாட்டான். பாட்டு வெச்சா போதும், ஆடிக்கிட்டே இருப்பான்."

மீசைக்காரருக்குக் கண்ணீர் கண்ணை மறைத்தது. அவளுடைய கையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. அப்பா செத்து எத்தனையோ காலம் ஆகிவிட்டது, தம்பி கிழவனாகி உன் எதிரில் உட்கார்ந்திருக்கிறான் என்று. சொன்னால் யாருக்கு நிம்மதி, தனக்குத்தானே? கஞ்சியை அவள் பக்கமே திருப்பித் தள்ளினார்.

"எங்க வீட்ல நிறைய சாப்பாடு இருக்கு. அவனுக்கு வயிறு நிறையப் போடுறேன். இதை நீங்க சாப்பிடுங்க."

"கூட்டிட்டுப் போறீங்களா?"

"கூட்டிட்டுப் போறேன்."

அக்கா எழுந்து உள்ளறைக் கதவைத் திறந்தாள். காலியாக இருந்த அறையைப் பார்த்து, "வாடா, மாமா கூடப் போ" என்றாள். ஒரு துண்டை மடித்து அவர் கையில் கொடுத்தாள். அவர் அதை வாங்கிக்கொண்டு படியிறங்கினார். ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்தபோது அக்கா மேஜை முன் உட்கார்ந்து கிண்ணத்தை இழுத்துக்கொண்டிருந்தாள். அவள் கடைசிச் சொட்டு வரை குடித்ததை அவரும் மாடிவீட்டுக்காரம்மாவும் பார்த்தார்கள்.

அன்றிலிருந்து அதுவே வழக்கமாயிற்று. வேளைக்கு வேளை அவர் பக்கத்துக் கடைக்காரராகக் கதவைத் தட்டிவிட்டு வருவார். அக்கா எல்லாவற்றையும் மறந்தாள், அவர் முகத்தையும் மறந்தாள். ஆனால் தம்பியை யாரோ கூட்டிப் போயிருக்கிறார்கள் என்பதை மட்டும் மறக்கவில்லை. விசாரித்து, பதில் கேட்டபிறகுதான் கிண்ணத்தில் கைவைப்பாள். உடம்பில் கொஞ்சம் சதை பிடித்தது. குழாய் வேண்டாம் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டாள். கடைக்கு வந்தவர்கள் மீசையை மறுபடி எப்போது வைப்பீர்கள் என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தார்கள்.

"அவன் எப்படி இருக்கான்?" என்று ஒருநாளும் கேட்காமல் இருக்கமாட்டாள்.

"நல்லா இருக்கான். தொழில் கத்துக்கிட்டான். சொந்தக் கடை வெச்சிருக்கான்."

"யாராவது அடிக்கிறாங்களா?"

"இல்லீங்க. அவனை யாரும் ஒருதடவைகூட அடிச்சதில்ல."

அக்கா நிம்மதியாக மூச்சு விடுவாள். ஒருநாள் அதோடு நிற்கவில்லை. ஸ்பூனைக் கையில் எடுத்தவள் கொஞ்சம் தயங்கினாள்.

"என்னைக் கேக்குறானா?"

"தினமும் கேக்குறான்."

அவள் முகம் மாறியது. பதறிப்போய் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"என்னை மறந்துடச் சொல்லுங்க. இல்லேன்னா தேடிக்கிட்டு இங்க வந்துடுவான்."

சொல்கிறேன் என்றார் மீசைக்காரர். அவள் நம்பினாளா என்று முகத்தைப் பார்த்தார். நம்பினாள். கையை விட்டுவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தாள்.